ஏகமனதான தீர்மானம்

கீழ்க்கரையின் கொடி மற்ற இரண்டு கொடிகளையும்விட ஒரு சாண் கட்டையாக இருந்தது.

அம்புறோஸ் முதலில் கம்பத்தைத்தான் சந்தேகப்பட்டார். மூன்று கம்பங்களையும் இடம் மாற்றி நிறுத்திப் பார்த்தார். கம்பங்களில் ஒரு குறையும் இல்லை. கொடிதான் கட்டை. நாளைக் காலை மூன்று நாட்டு அமைச்சர்களும் இந்த மண்டபத்துக்கு வந்து, ஆளுக்கொரு கொடிக்கு முன்னால் உட்காரப்போகிறார்கள். கீழ்க்கரைக்காரர் ஒருதரம் திரும்பிப் பார்த்தால் போதும், எல்லாம் முடிந்தது.

மூன்று நாடுகளும் ஒரே ஏரியைச் சுற்றி இருப்பவை. அவற்றின் பெயர்களைச் சொல்லப்போனால் எந்தப் பெயரை முதலில் சொல்வது என்று சண்டை வரும். ஆகவே அம்புறோஸ் வீட்டில் சொல்வதுபோல வடகரை, தென்கரை, கீழ்க்கரை என்றே நாமும் வைத்துக்கொள்வோம். ஏரி ஆண்டுக்கு ஆண்டு வற்றிக்கொண்டு வந்தது. அதன் தண்ணீரைப் பங்கிடுவதற்கும், கரை தாண்டிக் கூலிக்குப் போகிறவர்களின் காப்புறுதிக்கும், சந்தை வரிக்கும் மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரே கொள்கை வகுக்கவேண்டும் என்று எப்போதோ ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒத்துக்கொண்டதுதான். எங்கே கூடிப் பேசுவது என்பதில்கூட ஒத்துவரவில்லை. கடைசியில், மூன்று பேருக்கும் ஒரேயளவு தூரம், ஒரேயளவு குளிர் என்று மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் செயலகத்தைத் திறந்தார்கள்.

அந்தச் செயலகத்தில் கூட்ட ஒழுங்குகளுக்குப் பொறுப்பாக அம்புறோஸ் வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஒப்பந்தமும் ஆறு மாதத்துக்குத்தான். அதற்கு முன்னர் லொங்குய்யில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்த்தார். மண்டபத்தை இடித்து வீடுகள் கட்டினார்கள். நாற்பத்தெட்டு வயதில் வேலை தேடுவது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. இந்த வேலை கிடைத்தபோது மனைவி றொஷினி பூசை முடிந்து வந்த சனத்துக்கெல்லாம், "இவர் இப்ப ஐக்கிய நாடுகள் மாதிரி ஒண்டில இருக்கிறார்" என்று சொல்லிவிட்டா. அதை இனித் திருப்பி எடுக்க வழியில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அம்புறோஸுக்கு அந்த ஏரிமேல் உண்மையாகவே ஒரு பாசம் வந்துவிட்டது. மன்னாரில் அவருடைய தமையனின் வலைகளை அக்கரை இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போனது ஒருமுறை இல்லை. "ரெண்டு அரசாங்கமும் கதைக்குதாம் தம்பி" என்று தமையன் ஒவ்வொரு முறையும் போனில் சொல்வார். கதைத்துக்கொண்டிருந்தபோதே அவர் படகை விற்றுவிட்டு ஓட்டோ வாங்கிவிட்டார். இந்த ஏரிக்காரராவது கதைத்து ஒரு முடிவுக்கு வரட்டும், அதில் தன்னுடைய கையும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அம்புறோஸ் ஆசைப்பட்டார்.

அவர் கொடி விசயத்தைச் செயலகத்தின் இயக்குநர் மதாம் திபோவிடம் போய்ச் சொன்னார். அறுபதை நெருங்கும் அமைதியான மனுசி. எதையும் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பா. இதை நிமிர்ந்து கேட்டா.

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது, மிஸ்யூ அம்புறோஸ்?"

"கட்டைக் கொடியை நீட்ட ஏலாது, மதாம். நீளமான ரெண்டையும் கொஞ்சம் மடிச்சுத் தைச்சால் மூண்டும் ஒரே அளவாய் வரும்."

"அருமையான யோசனை. செய்யுங்கள்."

அன்று பின்னேரம் வில்லரேயில், அவர்களுடைய வீட்டுக் குசினி மேசையில், றொஷினி தையல் இயந்திரத்தை வைத்து வடகரையையும் தென்கரையையும் மடித்துத் தைத்தா.

"இஞ்சேருங்கோ, இந்தக் கொடியில ஓரத்து நட்சத்திரம் மடிப்புக்குள்ள போகுது."

"எத்தினை நட்சத்திரம்?"

"ஏழு. ஒண்டு போகுது."

"மிச்சம் ஆறு கிடக்குத்தானே. ஆர் எண்ணப்போகினம்? தையும்."

மறுநாள் காலை, எண்ணுவதற்கென்றே பிறந்தவர்போல வடகரை அமைச்சர் வந்தார். உயர்ந்த, அகன்ற மனிதர். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே கொடியைப் பார்த்தார். ஏழு நட்சத்திரங்கள் வடகரையின் ஏழு மாகாணங்கள். ஏழாவது மாகாணம் தங்களுடையது என்று தென்கரை பல காலமாகச் சொல்லிவருகிறது. மடிப்புக்குள் போனது அந்த ஏழாவது நட்சத்திரம்.

அதற்குள் தென்கரை அமைச்சர் அம்மையார் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் நின்று, தன் உதவியாளரைக்கொண்டு மூன்று நான்கு படங்கள் எடுப்பித்துவிட்டா. "கடைசியில் உண்மையை ஒத்துக்கொண்டார்கள்" என்ற வாசகத்தோடு படம் தென்கரை முழுக்கப் பரவிவிட்டது.

"நான் அடுத்த விமானத்தில் திரும்புகிறேன்" என்றார் வடகரை அமைச்சர்.

அம்புறோஸ் மதாமின் அறைக்கு ஓடினார். "மூண்டு கொடியையும் எடுத்துப்போடட்டே, மதாம்? கொடி இல்லாட்டிப் பிரச்சினையும் இல்லை."

"நல்லது. எடுத்துவிடுங்கள்" என்றா மதாம் திபோ.

அவர் கொடிகளைக் கழற்றி மடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு திரும்பியபோது கீழ்க்கரை அமைச்சர் வாசலில் நின்றார். மூவரில் மூத்தவர். பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். மெதுவாகத்தான் பேசுவார். அந்த மெதுவான பேச்சுத்தான் ஆளைக் கொல்லும்.

"அவர்கள் இருவரின் கொடியிலும் பிழை இருந்தது. எங்கள் கொடி முழுமையாக இருந்தது. அதை ஏன் எடுத்தீர்கள்?"

"ஐயா, எல்லாருக்கும் சமமாய் இருக்கட்டும் எண்டு..."

"குற்றவாளிகளோடு எங்களையும் சமமாக்கிவிட்டீர்கள்."

கொடி இல்லாததால் எந்தப் பக்கம் யாருடையது என்று தெரியவில்லை. தென்கரைக்காரர் மேசையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வடகரைக்காரர் நின்றபடியே பேசுவோம் என்றார்கள். கீழ்க்கரைக்காரர் வாசலோடு கிடந்த கதிரைகளில் உட்கார்ந்து, தங்களை வாசலில் உட்காரவைத்ததாக எழுத்தில் முறையிட்டார்கள். காலை அமர்வு அப்படியே முடிந்தது.

மத்தியானச் சாப்பாட்டிலாவது நெஞ்சைக் குளிரவைப்போம் என்று அம்புறோஸ் முன்கூட்டியே ஒரு காரியம் செய்திருந்தார். அந்த ஏரி மீன் உறைந்த பெட்டிகளில் பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு கடைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு வாங்கிச் சமைப்பித்திருந்தார். மீன் ஒன்றுதான். ஆனால் மூன்று நாட்டிலும் அதற்கு மூன்று பெயர். ஒரு பெயரைப் போட்டால் மற்ற இரண்டு பேரும் கோபிப்பார்கள் என்று, மூன்று தட்டுகளில் வைத்து மூன்று பெயர்களையும் தனித்தனியாக எழுதி வைத்தார். தன் கெட்டித்தனத்தை நினைத்து அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார்.

தென்கரை அம்மையார் தங்கள் தட்டில் ஒரு துண்டு எடுத்தா. பிறகு, மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வடகரைத் தட்டிலும் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தா.

"இது எங்கள் மீன்" என்றா.

"எங்கள் மீன்" என்றார் வடகரை அமைச்சர்.

கீழ்க்கரை முதியவர் மூன்று தட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "எங்கள் மீனைப் பிடித்து, இரண்டு கள்ளப் பெயர்களில் எங்களுக்கே பரிமாறுகிறீர்கள்."

மூன்று குழுக்களும் சாப்பிடாமல் எழும்பிவிட்டார்கள். அம்புறோஸ் மூன்று தட்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பசிதான். ஆனால் எந்தத் தட்டில் கை வைத்தாலும் அது ஒரு நிலைப்பாடாகிவிடும் போலிருந்தது.

செயலகத்தில் ஆள் எடுப்பது, நிறுத்துவது போன்ற ஆளணி விசயங்களைப் பார்ப்பவ சிவாஜினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. செயலகம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறா. அவ வந்து பக்கத்தில் நின்றா.

"சாப்பிட்டியளே அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. எனக்கு இனிக் கொன்ராக்ற் நீடிக்க மாட்டினம், என்ன?"

சிவாஜினி நடுத்தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டா. "நல்லாத்தான் கிடக்கு" என்றுவிட்டுப் போனா.

தலைமாடு, கால்மாடு என்ற பிரச்சினைக்கு வட்ட மேசைதான் மருந்து என்று அம்புறோஸுக்கு அன்று பின்னேரம் பட்டது. வட்டத்துக்குத் தலை ஏது? லொங்குய் மண்டபத்தின் சாமான்களை வாங்கி வைத்திருந்த பழைய கூட்டாளியைப் பிடித்து, பெரிய கல்யாண மேசை ஒன்றைக் கால்களைக் கழற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். மாடிக்கு ஏற்றி, தனியாக நின்று பொருத்தினார். மதாம் வந்து பார்த்துவிட்டு, "நீங்கள் மிகவும் பாடுபடுகிறீர்கள்" என்றா. அந்த ஒரு சொல்லுக்கு அவருக்குக் கண் கலங்கியது.

ஒரு கால் மட்டும் வேறு மேசையுடையது என்று மறுநாள் காலை எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

வடகரை அமைச்சர் தன் கிளாசில் தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் சிந்தினார். சிந்திய தண்ணீர் நிற்கவில்லை. மேசையைக் குறுக்கே கடந்து, கீழ்க்கரையின் காகிதங்களைத் தொடாமல் வளைந்து, நேராகத் தென்கரை அம்மையாரின் மடியில் போய் விழுந்தது.



"ஏரித் தண்ணீர் யார் பக்கம் ஓடவேண்டும் என்று செயலகம் முடிவுசெய்துவிட்டதா?" என்று கீழ்க்கரை முதியவர் மெதுவாகக் கேட்டார்.

"எங்களுக்குத் தேவையானதை நாங்கள் கேட்டு வாங்குவோம். மடியில் ஊற்றத் தேவையில்லை" என்றா அம்மையார்.

அம்புறோஸ் முழங்காலில் விழுந்து மேசைக்குக் கீழே போனார். பக்கத்துக் கதிரையில் கைக்கு அகப்பட்ட ஒரு காகிதக் கட்டை இரண்டாக மடித்து, உயரம் குறைந்த அந்தக் காலின் கீழே செருகினார். மேசை நேரானது. அவர் வெளியே வந்து மூச்சு விட்டார்.

"என்னுடைய முன்மொழிவு எங்கே?" என்று கீழ்க்கரை முதியவர் தேடத் தொடங்கினார்.

இரண்டு ஆண்டுகளாகத் தயாரித்த முன்மொழிவு. அதை இழுத்தெடுத்தால் தண்ணீர் மறுபடியும் தென்கரைக்கு ஓடும். எடுக்காமல் விட்டால் கீழ்க்கரை எழும்பிப் போகும். அம்புறோஸ் எடுத்துக் கொடுத்தார். அதன் முதல் பக்கத்தில் மேசைக்காலின் அச்சு வட்டமாக, முத்திரைபோலப் பதிந்திருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது பெப்ரவரி மாதம். பழைய கட்டடம். வெப்பமூட்டி ஒரே அளவுதான் தரும். வடகரைக்காரர் மலைநாட்டார், புழுங்குகிறது என்றார்கள். தென்கரைக்காரர் வெயிலில் வளர்ந்தவர்கள். ஏற்கெனவே மடி நனைந்த அம்மையாருக்குக் கால் விறைத்தது. அம்புறோஸ் வடகரைப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு, மின் சூடேற்றி ஒன்றைக் கொண்டுவந்து தென்கரைப் பக்கத்தில் மேசைக்குக் கீழே வைத்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த கீழ்க்கரை முதியவர் ஒரு காது குளிரவும் ஒரு காது சுடவும் தும்மத் தொடங்கினார்.

தண்ணீர் சிந்திய பிறகு அந்தக் கல்யாண மேசைக்கு விரித்திருந்த துணி நிலம்வரை தொங்கியது. அதை அம்புறோஸ் கவனிக்கவில்லை.

முதலில் ஒரு மணம் வந்தது. பிறகு ஒரு மெல்லிய புகை. பிறகு கட்டடம் முழுவதும் அலறத் தொடங்கியது.

நெருப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அம்புறோஸ் தண்ணீர்ச் சாடியைக் கவிழ்த்து அணைத்துவிட்டார். ஆனால் அலாரம் அடித்தால் எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். மூன்று நாட்டு அமைச்சர்களும் அவர்களுடைய அதிகாரிகளும் கோட்டு இல்லாமல், தொப்பி இல்லாமல், உள்ளே போடும் மெல்லிய சப்பாத்துகளோடு நாலு மாடி இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். பனிக்காற்று கன்னத்தில் அறைந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. மேலே போய்க் கோட்டுகளை எடுக்கலாமா என்று அம்புறோஸ் கெஞ்சினார். தீயணைப்பு உத்தியோகத்தர் தலையைக்கூட ஆட்டவில்லை.

கீழ்க்கரை முதியவரின் உதடு நீலமாகியிருந்தது. அம்மையாரின் நனைந்த பாவாடை தகரம்போல விறைத்து நின்றது. அம்புறோஸ் தன்னுடைய கையைப் பார்த்தார். ஓடிவந்த அவசரத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கொடிப் பை.

துணி துணிதானே. யோசிக்க நேரமில்லை. ஒன்றொன்றாக இழுத்து, நடுங்கிக்கொண்டு நின்ற மூன்று பேரின் தோளிலும் போர்த்துவிட்டார். மூவரும் யாரென்று பாராமல், எதுவென்று பாராமல் இழுத்து மூடிக்கொண்டார்கள். அந்த வேளையில் அவர்கள் முகத்தில் தெரிந்த ஆறுதலைப் பார்த்து, இரண்டு நாளில் முதல்தடவையாக ஒரு காரியம் சரியாகச் செய்தோம் என்று அம்புறோஸ் நினைத்தார்.

பிறகுதான் வடகரை அமைச்சர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அவர் போர்த்திருந்தது தென்கரைக் கொடி. தென்கரை அம்மையாரின் தோளில் கீழ்க்கரை. முதியவரின் முதுகில் ஆறு நட்சத்திரங்கள். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்ற பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று அமைச்சர்களும் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் ஒன்றாகத் திரும்பி அம்புறோஸைப் பார்த்தார்கள்.

குளிர் தாங்காமல் எதிரே இருந்த, அங்கத்தையர் தெப்பனர் என்று சொல்லும் சின்னச் சில்லறைக் கடைக்குள் மூவரும் புகுந்தார்கள். அம்புறோஸுக்கு உள்ளே போகத் துணிவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே சிப்ஸ் பைகளுக்கும் லொத்தர் இயந்திரத்துக்கும் நடுவில், மூன்று தலைகள் ஒன்றை ஒன்று முட்டுமளவுக்குக் குனிந்திருந்தன. கடைக்காரர் மூன்று கோப்பி கொண்டுவந்து வைத்தார். முதியவர் பேனாவை எடுத்தார். வடகரை அமைச்சர் ஏதோ சொல்ல, அம்மையார் தலையாட்டினா.

சிவாஜினி நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தா. "உள்ள என்னண்ணை நடக்குது?"

"தெரியேல்லை. ஏதோ எழுதினம். ஒருவேளை ஒப்பந்தத்தைப்பற்றி..."

சிவாஜினி உள்ளே போய் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தா. கோப்பியை அவரிடம் நீட்டினா.

"உங்களைப்பற்றித்தான் அண்ணை."

அம்புறோஸ் கோப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை சுட்டது தெரியவில்லை. ஏரி வற்றத்தான் போகிறது. அந்தக் கரைகளில் யாரோ ஒரு மனுசன், தன் தமையனைப்போல, படகை விற்றுவிட்டு ஓட்டோ வாங்கத்தான் போகிறான். ஆறு மாதத்தில் ஒரு கொடியைக்கூட ஒழுங்காக நிறுத்தத் தெரியாத ஒருத்தனால்தான் அது நடந்தது என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை. வீட்டுக்குப் போய் றொஷினியிடம் என்ன சொல்வது? கோயிலுக்கு இனி எந்த முகத்தோடு போவது? மெற்றோவில் ஏறி, இறங்காமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வந்துகொண்டே இருந்தால் என்ன என்று தோன்றியது.

பின்னேரம் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். கருகிய மணத்துக்குள் எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். இந்தமுறை யார் எங்கே என்ற பேச்சே இல்லை. மூன்று அமைச்சர்களும் மேசையின் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் அம்புறோஸ் தனியாக நின்றார்.

கீழ்க்கரை முதியவர் எழும்பி வாசித்தார்.

"மூன்று நாடுகளின் கூட்டறிக்கை. முதலாவது, சமூகப் பாதிப்பு: இவர் எங்கள் பிரதிநிதிகளை வாசலிலும் தெருவிலும் இருத்தினார். இரண்டாவது, பொருளாதாரப் பாதிப்பு: எங்கள் மீனின் பெயரையும் சந்தை மதிப்பையும் கெடுத்தார். மூன்றாவது, சூழல் பாதிப்பு: தண்ணீரைத் தவறான திசையில் ஓடவிட்டார், காற்றைப் புகையாக்கினார். இவற்றை நாங்கள் கடுமையாகக் கண்டிக்கிறோம்."

"மிகக் கடுமையாக" என்று வடகரை அமைச்சர் திருத்தினார்.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றா தென்கரை அம்மையார். வடகரை சொன்ன ஒன்றைத் தென்கரை ஏற்றுக்கொண்டது அந்த மண்டபத்தில் அதுவே முதல்தடவை. மொழிபெயர்ப்பாளர் நம்பாமல் அதை இரண்டுதரம் மொழிபெயர்த்தார்.

"ஆட்சேபனை உண்டா?" என்று மதாம் திபோ கேட்டா.

இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மூன்று பேரும் கையெழுத்து வைத்துவிட்டு, பேனாவை மூடாமலே ஒருவருக்கொருவர் கை குலுக்கினார்கள்.

"நாங்கள் இன்றைக்கே கிளம்பலாமா?" என்று வடகரை அமைச்சர் கேட்டார்.

"ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பலாம். முடியாவிட்டால் இரவு விருந்து இருக்கிறது. நாளைக்கு ஒரு படகுச் சவாரியும் இருக்கிறது" என்றா மதாம்.

"படகா? இங்கே ஆறெல்லாம் உறைந்து கிடக்கிறதே. யார் ஒழுங்குசெய்கிறார்?"

மதாம் திபோ கையால் அம்புறோஸைக் காட்டினா. அவருக்கு அப்படியொரு சவாரி இருப்பதே அப்போதுதான் தெரியும்.

மூன்று அமைச்சர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மதாம் ஒப்பந்தத்தை மேசைமேல் மெதுவாகத் தள்ளினா. தண்ணீர்ப் பங்கில் வடகரை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. கூலியாட்களின் காப்புறுதியில் தென்கரை இறங்கிவந்தது. சந்தை வரியைக் கீழ்க்கரை பாதியாக்கியது. தெப்பனர் கடையில் பழகிய பழக்கம், ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பக்கங்களிலும் மூன்று கையெழுத்துகளும் விழுந்துவிட்டன. மூவரும் ஒரே வாகனத்தில் விமான நிலையத்துக்குப் போனார்கள்.

அம்புறோஸ் அதைப் பார்க்கவில்லை. மதாம் தன்னைக் கைகாட்டி முடித்ததுமே, வெட்கத்தில் படியெடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சிவாஜினி வந்து சொன்னபோது, நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நம்பியதும் அழுகை வந்தது. ஏரி பிழைத்துவிட்டது. தான் மட்டும்தான் பிழைக்கவில்லை. அதுவும் பரவாயில்லை.

அவர் தன்னுடைய வாசல் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு மதாமின் அறைக்குப் போனார்.

"இதைத் தந்திட்டுப் போகலாம் எண்டு வந்தனான், மதாம். எல்லாத்துக்கும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மதாம் திபோ அட்டையை வாங்கவில்லை. "எங்கே போகிறீர்கள்? ஐப்பசியில் அணைக்கட்டுகளைப்பற்றிய கூட்டம் இருக்கிறது. இதைவிடக் கடினமானது. ஐந்து நாடுகள்."

"ஆனால் அந்தத் தீர்மானம்..."

"அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து உங்களுடைய வேலை நிரந்தரம். சம்பளமும் கூடும். போய் ஓய்வெடுங்கள்."

அம்புறோஸ் லிஃப்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. சிவாஜினி ஏற்கெனவே உள்ளே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தா. கையில் அவருடைய நிரந்தர நியமனத்துக்கான கோப்பு இருந்தது.

"தங்கச்சி, அவ தெய்வம்" என்றார் அம்புறோஸ். "இவ்வளவு பிழை விட்டும் என்னை மன்னிச்சுப்போட்டா. நானும் ஒரு மனிசனெண்டு காட்டவேணும். ஐப்பசிக் கூட்டத்தில பாரும், கொடியிலயிருந்து கதிரை வரைக்கும் எல்லாத்தையும் அளந்து வைப்பன். ஒரு பிழை, ஒரு சின்னப் பிழை கூட விடமாட்டன்."

சிவாஜினி அவரைப் பரிதாபமாகப் பார்த்தா.

"அப்பிடி ஒண்டும் செய்துபோடாதேங்கோ அண்ணை. உங்களுக்கு முந்தி இருந்தவர் ஒரு பிழையும் விடாத மனிசன், அதாலதான் அவரை வேலையால நிப்பாட்டினவை."